மீட்டர் காட்டாத காஸ்

"சார், காஸ்! ராஜேந்திரன் விழுந்துட்டான்!"

முனுசாமி கத்திக்கொண்டு ஓடிவந்தபோது நான் அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தேன். பேரணாம்பட்டு பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்தேன். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து கிளம்பும் காஸ் ஒருவனைச் சாய்த்தால், தூக்கப் போகிறவனும் அங்கேயே சாய்வான். அதனால் பத்து வருடமாக எல்லோரிடமும் ஒரே பாட்டுதான் பாடிவந்தேன். விழுந்தவன் கிட்டே போகாதே, மாஸ்க் வரட்டும்.

பாட்டை நன்றாகவே மனப்பாடம் செய்திருந்தார்கள். முப்பது பேர் இருபதடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தொட்டிச் சுவர் ஓரமாக ராஜேந்திரன் மல்லாந்து கிடந்தான். ஷேவிங் மிஷின் ஆபரேட்டர். தோலின் கனத்தைச் சீவிச் சமப்படுத்தும் அந்த மிஷினில் நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும்.

மாஸ்க் செட் ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர் சாவி ஸ்டோர்கீப்பரிடம். அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். ஓர் ஆளை விரட்டினேன். சும்மா நிற்க முடியாமல் காஸ் மீட்டரை நீட்டிக்கொண்டு நாலடி முன்னே போனேன். சைபர் காட்டியது. தட்டிப் பார்த்தேன். மறுபடியும் சைபர். "இந்த டப்பாவும் ரிப்பேரா?" என்று அதைத் திட்டினேன். மீட்டரை நம்புங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்தான்.

டிஸ்பென்சரி நர்ஸ் செல்வி ஓடிவந்தார். "சார், கொறட்ட மாதிரி சத்தம் கேக்குது. நான் போய்ப் பாக்கறேன்."

"போகாதம்மா, நீயும் விழுவே!" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கை கூசுகிறது.

முனுசாமி தலையில் அடித்துக்கொண்டான். "காஸ் இல்ல சார். போத ஏத்தற வலி மாத்திர. ஜாஸ்தியா போட்டுக்கினான். நான்தான் பொய் சொல்லிட்டேன்."

செல்வி என் கையை உதறிவிட்டு ஓடினார். ராஜேந்திரனின் உதடு நீலம் பாரித்திருந்தது. இமையைத் தூக்கினால் கண்மணி கடுகளவு. "மூச்சே இல்ல. நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க, மாத்திரன்னு சொல்லுங்க, மறைக்காதீங்க!" தலையை நிமிர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயில் வாய் வைத்து ஊதினார். ஐந்து நொடிக்கு ஒரு தரம். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மாத்திரைக்கு முறிவு ஊசி போட்டார்கள். கண் திறந்தான். ஊசியின் வேகம் தணிந்தால் மறுபடி மூச்சு அடங்கலாம் என்று மறுநாள் வரை வைத்திருந்தார்கள்.

வராந்தாவில் முனுசாமியைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா பொய் சொன்னே? செத்திருப்பான்டா!"

"இன்னா சார் பண்றது? போன மாசம் மாத்திர போட்டான்னு ஒருத்தன நீங்கதானே கேட்டுக்கு வெளிய தள்னீங்க? காஸுன்னா கம்பெனி பாத்துக்கும். மாத்திரன்னா வேல போய்டும். அவன் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கான் சார்."

அந்த ஆளை அனுப்பிய அன்று, கண்டிப்பான ஆபீசர் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டவன் நான். மாத்திரை பாதி, நான் மீதி, இரண்டும் சேர்ந்துதான் ராஜேந்திரனைக் கொல்லப் பார்த்தோம்.

மாத்திரை போட்டால் வேலை போகும் என்று ஒட்டியிருந்த நோட்டீஸை எடுக்கச் சொல்லி மேனேஜரிடம் போய் நின்றேன். "அந்த நோட்டீச எடுத்தா எல்லாவனும் போட்டுக்கினு வருவான்யா" என்றார். இப்போதே போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள், நமக்குத்தான் தெரியவில்லை என்றேன். மூன்று நாள் நச்சரித்துப் புது நோட்டீஸில் கையெழுத்து வாங்கினேன். உதவி கேட்டு வருபவனை மிஷினிலிருந்து இறக்கி வைத்தியத்துக்கு அனுப்பலாம், வேலையை விட்டு அனுப்பக் கூடாது.

அடுத்த வாரம் பயிற்சி. செல்விதான் நடத்தினார். மூச்சு ஊத ஒரு பொம்மை கொண்டுவந்திருந்தார். "பொம்மைக்கு மீச இருக்குதா பாருடா" என்று ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொண்டே ஊதினார்கள். மூச்சு திரும்பியவனை ஒருக்களித்துப் படுக்கவைக்கவும் பழகினார்கள். முடிவில் நான் எழுந்து, காஸ் என்றால் காஸ், மாத்திரை என்றால் மாத்திரை, உள்ளதைச் சொல்லுங்கள், யாருக்கும் வேலை போகாது என்றேன். ஒருவரும் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

எல்லோரும் போன பிறகும் முனுசாமி பொம்மையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா, ஷிஃப்டுக்குப் போகல?"

நிமிரவில்லை. "நாலு மாசமா நானும் போடறேன் சார். வுட முடியல."

கதவைச் சாத்திவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பத்து வருடம் பாதுகாப்புப் பாடம் எடுத்திருக்கிறேன். தன் ஆபத்தை ஒருவன் தானாக வந்து என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான்.