பதினேழாவது பெயர்

வடக்கு நார்வேயில் இந்தக் குளிர் மாதங்களில் சூரியன் எழுவதில்லை. காலை எட்டரைக்கு என் வகுப்புப் பிள்ளைகள், மேலங்கியில் ஒட்டிய, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகளோடு, இருட்டிலிருந்து வெறும் வெள்ளிக் கோடுகளாக வருவார்கள். முகம் பிறகுதான் தெரியும். ஆறு வருடமாகியும் எனக்குப் பழகவில்லை.

அந்நேரம் என் சொந்தக் கடற்கரை ஊரான தருவைகுளத்தில் மதியம் ஒன்று. என்னோடு படித்த கிறிஸ்டி அங்கே ஆசிரியை. புதன்கிழமைகளில் எங்கள் இரு வகுப்புகளுக்கும் இணையத்தில் நேரலை வினாடி வினா நடத்துகிறோம். திரையில் இடப்பக்கம் என் பிள்ளைகளின் பெயர்கள், வலப்பக்கம் அவளுடையவர்கள். கேள்விக்கு இருபது நொடி. அவள் அனுப்பிய பட்டியலில் பதினாறு பேர். நான் எண்ணிப் பார்த்தேன், திரையில் அவள் பக்கம் பதினேழு. கூடுதலாக இருந்த பெயர் ரோஷன்.

அவன் பதில் எப்போதும் பத்தொன்பதாவது நொடியில் வரும். சரியாகவே இருக்கும். கேமராவில் அவன் இடத்தில் யாரும் உட்காரவில்லை, டேப்லெட் மட்டும் ஒளிர்ந்தது. அவன் ஏன் முகம் காட்டுவதில்லை என்று என் மாணவி இங்க்ரிட் கேட்டாள். கூச்சம் என்றேன். "எங்களுக்கும்தான் கூச்சம், ஆனால் நாங்கள் தெரிகிறோமே," என்றாள். கிறிஸ்டியிடம் கேட்டபோது, "அது இருக்கட்டும்ளா," என்று மட்டும் எழுதினாள்.

பட்டியலில் இல்லாதவர் பிள்ளைகளின் விளையாட்டில் இருக்கக்கூடாது என்பது இங்கே விதி. மூன்றாவது புதன்கிழமை, ஆட்டத்தின் நடுவில், அந்தப் பெயரை நீக்கினேன். தருவைகுளத்து இரைச்சல் சட்டென்று நின்றது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "ஏம் புள்ள பேர எடுத்துட்டாவளா டீச்சர்?"

பிறகு கிறிஸ்டி போனில் கத்தினாள். "கூறு இருக்கா ஒனக்கு? லீவுல சித்தப்பன் வள்ளத்துல போனவன். வள்ளமும் திரும்பல, ஆளும் கரை ஒதுங்கல. அதுவரைக்கும் பேர எடுக்கப்படாதுன்னு அவன் அம்மா கால்ல விழாத கொறயா கெஞ்சுனா. அந்தப் பேரப் பாக்கத்தான் புதங்கிழம வந்து ஒக்காருதா. புள்ளையள்லாம் கூடிப் பேசி அவனுக்குப் பதில் அமுக்குதுவ. அதான் நேரம் ஆவுது."

"முதல்லயே ஏன் சொல்லல?"

"சொன்னா அவன எந்தப் பட்டியல்ல எழுதுவ நீ?"

எங்கள் தெருவிலும் ஒரு வீட்டு ரேஷன் கார்டில், கடலிலிருந்து திரும்பாத ஒருவரின் பெயர் பல வருடம் இருந்தது. கடைக்காரர் உட்பட யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்த மரியாதையை நான் எங்கே தொலைத்தேன்?

தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதுவும் மீன்பிடி ஊர்தான்.

"உயிரோடு இருக்கிறானா?"

"தெரியாது."

அவர் பட்டியலை என் பக்கம் நகர்த்தினார். "விருந்தினர் என்று எழுதுங்கள்."

விருந்தினர், தன்னை அழைத்த பள்ளியின் அணியில்தான் ஆட முடியும். அடுத்த புதன்கிழமை ரோஷனின் பெயர் இடப்பக்கம், எங்கள் வரிசையில் தோன்றியது. தருவைகுளப் பிள்ளைகள் தங்களுக்கு எதிராகவே அவனுக்காகக் கூடிப் பேசி, சரியான பதில்களை அனுப்பினார்கள். அவன் புள்ளிகளால் நார்வே ஜெயித்தது.

எங்கள் வகுப்பின் கைதட்டல் ஓய்ந்த பிறகும் திரையிலிருந்து ஒற்றைக் கைதட்டல் வந்துகொண்டிருந்தது. அவன் அம்மா. அவள் நிறுத்தும்வரை நானும் தட்டினேன், என் சொந்த ஊர் தோற்றதற்கு.