நேர்ந்தது அவர், தீச்சட்டி எனக்கு

என் வீட்டுக்காரர் எனக்குச் செய்த கொடுமைகளில் பெரியது, இங்கிலாந்தில் நடந்த ஒரு டெஸ்ட் தொடரின்போது செய்ததுதான். நம் அணிக்காரர் ஒருவர் அந்தத் தொடரில் சதம் மேல் சதமாக அடித்துக்கொண்டிருந்தார். ஒரே தொடரில் நம் நாட்டுக்காரர் எவரும் எடுக்காத ரன்னைத் தொட அவருக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. கடைசி ஆட்டம். இவர் டிவி முன்னால் எழுந்து நின்று, வீரபாண்டி அம்மன் கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார்.

"ஆத்தா கௌமாரி, இவன் மட்டும் சாதனையை முறியடிச்சுட்டான்னா, வர்ற சித்திரைத் திருவிழாவுக்கு என் பொண்டாட்டி தீச்சட்டி எடுப்பா."

அடுப்படியில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த எனக்குப் பகீரென்றது.

"ஏங்க, வேணும்னா நீங்க எடுங்க. என்னைய எதுக்கு இழுக்குறீக?"

"எனக்குச் சூடு ஆகாது, தெரியும்ல."

எனக்கு மட்டும் ஆகுமாக்கும்! கடுகு தெறித்தாலே நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்துகிறவள் நான். கனன்று எரியும் சட்டியைக் கையில் ஏந்தி அந்தக் கூட்டத்தில் நடக்க வேண்டும். அதற்காக, அம்மனுக்கு நேர்ந்ததைச் செய்யாமல் விடவும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது.

அதுவரை கிரிக்கெட் ஓடினால் சேனலை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டவள், அன்றுமுதல் கையைப் பிசைந்துகொண்டு பார்த்தேன். அந்த மனிதர் ஃபோர் அடித்தால் இவர் துள்ளினார். எனக்கு உள்ளங்கை சுட்டது.

அவுட்டாகட்டும் என்று வேண்ட மனசு வரவில்லை. அவரும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே. மழை வந்து ஆட்டம் நின்றுபோனால் யாருக்கும் பாவமில்லை. மழைக்கும் கௌமாரிதான் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியதும் சாமி படத்துக்கு முன்னால் நின்று, "ஆத்தா, மழையைக் கொட்டு" என்று மனமுருகி வேண்டினேன்.

கொட்டினாள். அரை மணி நேரத்தில் எங்கள் திராட்சைத் தோட்டத்திலிருந்து கொழுந்தனார் போன் செய்தார்.

"மதினி, அண்ணே எங்க? போனை எடுக்க மாட்டேங்கிறாக. இங்கன மழை பிச்சு எடுக்குது. நாளைக்குக் குலை வெட்டணும். பழமெல்லாம் வெடிச்சுப்போகும்!"

டிவியை எட்டிப் பார்த்தேன். இங்கிலாந்தில் சுள்ளென்று வெயில். ஐயோ, எந்த ஊரில் என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே!

இவர் நாற்காலியைவிட்டு எழ மறுத்துவிட்டார். எழுந்தால் அங்கே விக்கெட் விழுந்துவிடுமாம். நான்தான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். பந்தலில் தொங்கிய குலைகளெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து, பழங்கள் தோல் கீறத் தொடங்கியிருந்தன. கட்டின தண்ணீரும் அடித்த மருந்தும் பட்ட பாடும் கண்முன்னால் வீணாகப் போகிறதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆத்தா, இங்கன வேணாம்த்தா, நிறுத்திரு. அவன் அடிச்சாலும் சரி, அடிக்காட்டியும் சரி, நானே சட்டி எடுக்கேன்."

மழை நின்றது. பாதிப் பழம் தப்பியது. ஈரப் புடவையோடு வீடு திரும்பினால், இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சாதனையைத் தொடுவதற்குள் அந்த மனிதர் அவுட்.

சித்திரையில் வீரபாண்டியில் நான் சட்டியைக் கையில் வாங்கியதும், கூடவே நடந்த இவர் கேட்டார்: "அவன்தான் சாதனையை முறியடிக்கலையே. நீ எதுக்குடி எடுக்குற?"

கையில் நெருப்பை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். இவர் அப்படியே நின்றுவிட்டார். பாதித் தோட்டம் போனதற்கு என்ன வசவு விழப்போகிறதோ என்று காத்திருந்தேன்.

"மழை மட்டுந்தான வேண்டுன? அவன் அவுட்டாகணும்னு வேண்டலைல?"

"சத்தியமா இல்லைங்க."

"அப்பச் சரி, நட" என்றார் நிம்மதியாக.

அந்தச் சட்டியை இவர் தலையில் கவிழ்க்காமல் கோயில்வரை கொண்டுபோய்ச் சேர்த்தேன் பாருங்கள், அதுதான் ஆத்தாவுக்கு நான் செலுத்திய நேர்த்திக்கடன்.