ஒன்பதாம் அறையின் மணி

மைசூரில் நான் வேலை பார்த்த தங்கும் விடுதி மகாராஜா காலத்துக் கட்டடம். சமையலறைச் சுவரில் ஒரு பலகை, அதில் பன்னிரண்டு பித்தளை மணிகள். மாடி அறையில் இருப்பவர் கயிற்றை இழுத்தால், கம்பி வழியாகக் கீழே அந்த அறையின் மணி அடிக்கும். அறைகளில் போன் வந்த பிறகும் பலர் கயிற்றைத்தான் இழுத்தார்கள். அதில் ஏதோ ராஜ சுகம் போலிருக்கிறது.

மணி அடித்தால் மாடிக்குப் போய் என்ன வேண்டும் என்று கேட்டு, இறங்கி, மறுபடி ஏறும் வழக்கமே எங்களுக்கு இல்லை. கையோடு ஒரு டம்ளர் காபி கொண்டுபோய்விடுவோம். முழங்காலாவது மிஞ்சட்டுமே.

ஒன்பதாம் அறையில் ஒரு பெரியவர் மாதக்கணக்கில் தனியாகத் தங்கியிருந்தார். ஒருநாள் காலை, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்டுவிட்டு வந்து பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் மணி அடித்தது. வீட்டில் போட்ட சண்டை தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த நேரம். "அவரு கொஞ்சம் காத்திருக்கட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது" என்றேன். தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளி ஊர்க்காரரான சமையல்காரர் சிரித்தார்.

அரை மணி கழித்துக் காபியோடு போனேன். தட்டினேன், திறக்கவில்லை. மாற்றுச் சாவி போட்டுத் திறந்தால், பெரியவர் கட்டிலில் சில்லிட்டுக் கிடந்தார். விடிவதற்கு முன்பே தூக்கத்தில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. விடிந்து வெகுநேரம் கழித்து மணி அடித்ததே! மூச்சு முட்டி என்னைக் கூப்பிட்டிருக்கிறார், நான் போகவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

அறையைப் பூட்டிய பிறகும் மணி அடித்தது. "அவருக்குக் காப்பி ஆசை இன்னும் விடலை, அம்மிணி" என்று சமையல்காரர் பலகைக்கு முன்னால் தினமும் ஒரு டம்ளர் வைக்க ஆரம்பித்தார். யாரைக் கூப்பிடுகிறார் என்பது எனக்குத்தான் தெரியும். இப்படியே மூன்று வருஷம் போயிற்று.

அந்த அறையை யாரும் எடுக்காததால், பேய் பிசாசை ஆராய்கிறவர்கள் என்று ஒரு பெண்ணையும் ஆணையும் முதலாளி பெங்களூரிலிருந்து வரவழைத்தார். பெட்டி நிறைய மீட்டர்கள். பெரியவரின் ஆவி என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

"தினமும் செய்யறதையே செய்யுங்க அக்கா" என்றாள் அந்தப் பெண். மத்தியானம் மோட்டார் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஒன்பதாம் மணி கணகணவென்று அடித்தது. மேலேயிருந்து அவள் கூப்பிட்டாள். ஏறிப் போனேன். ஏணியில் நின்று, அறையின் பொய்க்கூரைப் பலகை ஒன்றைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கயிறு சும்னே, சும்மாதான் தொங்குது அக்கா. சீலிங் போட்டப்பவே கம்பியை அறுத்துட்டாங்க. கீழ போற முனையைத் தண்ணிக் குழாயில சுத்தி வெச்சிருக்காங்க. தண்ணி ஏறினா குழாய் அதிருது, மணி அடிக்குது. சீலிங் எப்பப் போட்டது?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தியேங்க."

"அப்போ இந்த ரூம்லேர்ந்து இத்தனை வருஷமா யாருமே மணி அடிக்கல. உங்களுக்குத் தெரியலையா?"

எப்படித் தெரியும்? மணி அடித்ததும் காபியோடு போய் நின்றோம். 'நான் கூப்பிடவில்லையே' என்று ஒருவரும் சொன்னதில்லை. சுடச்சுடக் காபி வாசலில் வந்து நின்றால் யார் வேண்டாம் என்பார்கள்? கயிற்றை இழுத்துப் பார்த்தவர்களும் காபி தாமதமாக வருகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். பெரியவர் தலைமாட்டில் போனும் இருந்தது, அன்று அதிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. டாக்டர் சொன்னதுதான் சரி. அன்று காலை அந்த மணியை அடித்தது, மோட்டார் சுவிட்சைப் போட்ட நானே.

பேய் கிடைக்காத வருத்தத்தில் அவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். எனக்கோ அவர்கள் காலில் விழலாம் போலிருந்தது. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கி, மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "அவர் என்னைக் கூப்பிடவே இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகுதான் அழுகை வந்தது. அவர் செத்த அன்றுகூட நான் அழவில்லை. மாட்டிக்கொள்வேனோ என்ற பயம் மட்டுமே இருந்தது. அந்த மனுஷருக்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.