பாட்டுக்கு வந்த விக்கல்

பாட்டு நிற்கும். கண் சிமிட்டுகிற நேரம்தான். மறுபடி ஓடும். எதுவுமே நடக்காத மாதிரி ஓடும்.

வூட்டில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆடுகிறவனுக்கு அப்படி இல்லை. கடத்தூர் பக்கம் ஒரு கல்யாணத்தில் கல்யாணப் பையனின் கூட்டாளிகள் எட்டுப் பேர் சேர்ந்து எம்பிக் குதித்தார்கள். அவர்கள் மேலே இருக்கும்போது பாட்டு நின்றது. கீழே வரும்போது ஆளுக்கொரு திசையில் வந்தார்கள். ஒருத்தன் செருப்பு பந்தல் மேலே போய்விட்டது.

எனக்குத் தொழில் சவுண்டு செட்டு. எட்டாவது ஃபெயில். கேசட்டில் ஆரம்பித்தேன். சீடி வந்தது, பென் டிரைவ் வந்தது. இப்போது எல்லாரும் டிஜே கேட்கிறார்கள். அதனால் ஒரு லேப்டாப்பு. அதியமான்கோட்டையில் காலேஜ் முடித்த ஒருத்தரிடம் பழசாக வாங்கினேன். டிஜே சாப்ட்வேரும் அவரே போட்டுக் கொடுத்தார். திரையில் ரெண்டு வட்டம் சுத்தும். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை அதோடு ஒட்டலாம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் படத்தைப் பார்த்து அமுக்குவேன்.

அந்தக் கல்யாணத்துக்கு என் தங்கச்சி வீட்டுக்காரர் வந்திருந்தார். எனக்கு மாப்பிள்ளை முறை. தக்காளி போடுகிறவர். வாய் கொஞ்சம் நீளம். செருப்பு பறந்ததைப் பார்த்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"என்னங்க மச்சான், பொட்டிக்கு விக்கலா? தண்ணி குடுத்துப் பாருங்களேன்."

"ஒயரு லூசு" என்றேன்.

"எந்த ஒயரு? பொட்டியோடதா, உங்களோடதா?"

நான் ஒயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மூன்று வாரத்தில் அவர் மகளுக்குக் காதுகுத்து. தீர்த்தமலை அடிவாரத்தில் மண்டபம் சொல்லியாச்சு. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். சீர்த் தட்டோடு செட்டும் என்னுடையதுதான் என்று பிள்ளை பிறந்த அன்றே தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை என் தோளில் கை வைத்தார். "தப்பா நினைக்காதீங்க மச்சான். இந்த விக்கல் நிக்கலன்னா தர்மபுரி டவுன்ல ஒரு செட்டு சொல்லிடறேன். நீங்க மடியை மட்டும் கொண்டாந்தா போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார். செட்டுக்காரன் மடியில் பிள்ளை, சுற்றி வேற ஆளோட பாக்ஸ். அதற்கப்புறம் நான் எந்த ஊரில் போய் ஒயர் இழுப்பது?

தெரிந்ததிலிருந்து தொடங்கினேன். ஒயரை மாற்றினேன். சொருகுகிற பின்னைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன். ஆம்ப்ளிஃபையரை மாற்றினேன். ஜெனரேட்டர் இல்லாமல் வீட்டுக் கரண்டில் போட்டேன். நின்றது. அதே ஒயரை என் போனில் சொருகி அரை நாள் ஓடவிட்டேன். ஒரு தடவை கூட நிற்கவில்லை. அப்படியென்றால் ஒயர் மேல் குற்றம் இல்லை. லேப்டாப்பு மேல்தான்.

கடத்தூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பாயிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பிப் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"அண்ணே, இது என்னது?"

"சந்தனம்."

"அது தெரியுது. ஏன் இருக்கு?"

ஆயுதபூசைக்கு பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர், வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். லேப்டாப்புக்கும் வைத்தேன். மேல்பக்கம் வழவழவென்று இருந்தது, சந்தனம் நிற்கவில்லை. அடிப்பக்கம் வரிசையாக ஓட்டை இருந்தது. அதில் நன்றாக நின்றது. ஒரு ஓட்டைக்கு வைத்து இன்னொன்றை விட்டால் நல்லாயிருக்காது. எல்லாவற்றுக்கும் வைத்தேன். நடுவில் குங்குமமும்.

"அது மூச்சு விடற எடம்ண்ணே. மூக்கை அடச்சிட்டு பாடுன்னா எப்படிப் பாடும்?"

"தெரியாது பாய்."

"சாமி கும்பிட வேணாம்னு சொல்லல. அடுத்த வருசம் மூடி மேல மட்டும் வைங்க."

உள்ளே ஃபேனைச் சுற்றியும் சந்தனம் போயிருந்தது. பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தார். கடையே கோயில் மாதிரி மணத்தது. அப்புறம் பேட்டரியை மிச்சம் பிடிக்கிற செட்டிங்கை எடுத்துவிட்டார். அது கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று வேலையையும் குறைத்துக்கொள்ளுமாம். கடைசியாக பஃபர் என்று ஒன்றைக் காட்டினார்.

"உங்க ஊர் போர் எப்படித் தண்ணி ஊத்தும்?"

"விட்டு விட்டு ஊத்தும்."

"நேரா குழாய்ல விட்டா?"

"துப்பும்."

"தொட்டியில விட்டு எடுத்தா?"

"நிக்காது."

"அதான் பஃபரு. உங்க தொட்டி சொம்பு அளவுக்கு இருக்கு." மவுஸைப் பிடித்து ஒரு கோட்டைக் கொஞ்சம் வலதுபக்கம் இழுத்தார். "ரொம்ப இழுக்கக் கூடாது. பொத்தான அமுக்கினா சத்தம் லேட்டா வரும்."

புரிந்தது. இத்தனை வருசத்தில் லேப்டாப்பில் எனக்குப் புரிந்த முதல் விஷயம்.

கடையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். நிற்கவில்லை. வூட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். நின்றது.

என் வீட்டுக்காரி வேலையோடு வேலையாகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் ஒரு டம்ளரில் ஒரு மொச்சைப் பயிறு போடச் சொன்னேன். சாயந்தரம் எண்ணினோம். பதினேழு.

"இன்னும் ரெண்டு நாள் நின்னா கொழம்பு வெச்சிடலாம்" என்றாள்.

மறுநாள் அவள்தான் அதைக் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, நீங்க டீக்கடைக்குப் போயிருந்தப்ப ஒரு மொச்சை கூட வுழல. வந்து ஒக்காந்தீங்க, நாலு வுழுந்துடுச்சு."

"அது எப்படி?"

"எனக்கென்ன தெரியும்? அந்த வேப்பமரத்தத் தாண்டிப் போய் நில்லுங்க."

போய் நின்றேன். பாட்டு ஓடியது. "வாங்க" என்றாள். வந்தேன். நின்றது. "போங்க." போனேன். ஓடியது. நாலு தடவை இப்படி நடக்கவிட்டாள். அஞ்சாவது தடவை நான் மரத்தடியில் நிற்கும்போது மாப்பிள்ளை வண்டி வந்து நின்றது.

"என்னங்கக்கா, மச்சான் வெளிய நிக்கறாரு?"

"பாட்டுக்கு உங்க மச்சானப் புடிக்கலயாம்."

வண்டியில் உட்கார்ந்தபடியே என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார். போனேன், வந்தேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. ஒரு லோடு தக்காளி நல்ல விலைக்குப் போன மாதிரி இருந்தார்.

"அப்ப மடியும் வேற ஆளுதானா மச்சான்?"

பாய்க்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு, "சட்டைப் பையில என்னண்ணே இருக்கு?" என்றார்.

"பீடிக்கட்டு. தீப்பெட்டி. இந்தப் போனு."

"போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு வெச்சிருக்கீங்களா?"

எப்போதும் போட்டுத்தான் இருக்கும். அதில்தான் என் வீட்டுக்காரி அவள் போனில் சீரியல் பார்ப்பாள். பாய் கடைக்குப் போன அன்று அவளுக்காக அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். நான் பக்கத்தில் வந்ததும் லேப்டாப்பும் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததும் என்னென்னவோ அப்டேட்டை இறக்க ஓடுகிறது. ஓடுகிற அவசரத்தில் பாட்டை விட்டுவிடுகிறது. பாய் சொன்னது இதுதான்.

"லேப்டாப்புல ஏரோப்ளேன் படம் ஒண்ணு இருக்கும். செட்டு போடறப்ப அத அமுக்கிடுங்க. நெட்டு பக்கமே போகாது."

அமுக்கினேன். பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பொழுது சாய்கிற வரைக்கும் டம்ளரில் ஒரே ஒரு மொச்சை. அதுவும் கரண்டு போனதால்.

"அது சேராது" என்றேன்.

"மொச்சை மொச்சைதான்" என்றாள்.

மாப்பிள்ளை நம்பவில்லை. "வூட்ல எல்லாம் பாடும்ங்க. மண்டபத்துல பாடணும். டவுன் செட்டுக்காரர வண்டியோட வந்து நிக்கச் சொல்லிட்டேன். ஒரு தடவ நின்னாலும் அவரு எறக்குவாரு."

காதுகுத்து அன்று விடிந்ததும் போய் பாக்ஸை அடுக்கினேன். மண்டபத்து வாசலில் டவுன் வண்டி தார்ப்பாய் கட்டி நின்றது. டிரைவர் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். ஏரோப்ளேனை அமுக்கினேன். போனை அணைத்தேன். ஒரு மணி நேரம் ஓடியது. மாப்பிள்ளை விருந்தாளிகளைக் கவனிக்காமல் பாக்ஸுக்கு முன்னால் காதை நீட்டிக்கொண்டு நின்றார். வந்தவர்கள் அவருக்குக் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள்.

நிற்கவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பாட்டு தானாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போகிற மாதிரி வைத்துவிட்டு மணையில் போய் உட்கார்ந்தேன். பிள்ளை மடியில் உட்கார்ந்தது. அஞ்சு வயசு. மொட்டைத் தலையில் சந்தனம். வாயில் வெல்லக்கட்டி. ஆசாரி கம்பியை எடுத்தார். என்னால் இனி எழுந்திருக்க முடியாது.

கம்பி முதல் காதில் இறங்கியது. பாட்டு நின்றது.

பிள்ளை கத்தியது. பந்திக்கு ஆள் கூப்பிடுகிறவர் பக்கத்தில் மைக்கோடு நின்றிருந்தார். அந்தக் கத்தல் எட்டு பாக்ஸிலும் போனது. கூட்டம் முழுசும் என்னைப் பார்த்தது. வாசலில் டவுன் டிரைவர் தார்ப்பாய்க் கயிற்றில் கை வைப்பது தெரிந்தது.

நான் எண்ணிப் பார்த்தேன். ஒன்று, ரெண்டு, மூன்று. விக்கலென்றால் அதற்குள் திரும்ப வந்திருக்கும். வரவில்லை. கழுத்தைத் திருப்பி மேசையைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை அங்கே இருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி, தலையைக் கவிழ்த்து, ரெண்டு கையையும் லேப்டாப்பு மேல் ஊன்றிக்கொண்டு நின்றார். மகள் காதில் கம்பி இறங்குவதைப் பார்க்க முடியாமல் அங்கே போய்ச் சாய்ந்திருக்கிறார். சட்டை முதுகெல்லாம் வேர்வை.

மைக்கை வாங்கினேன்.

"மாப்ள, கைய எடுங்க."

மண்டபம் முழுக்கக் கேட்டது. திடுக்கிட்டுக் கையை எடுத்தார்.

"முக்கோணம் ஒண்ணு இருக்கும். அமுக்குங்க."

"எங்கங்க?"

"எடது பக்கம்."

"எனக்கு எடதா, பொட்டிக்கு எடதா?"

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. என் தங்கச்சி எழுந்துவிட்டாள். "ஏங்க, சோறு திங்கற கைக்கு அந்தாண்ட!"

அவர் எதையோ அமுக்கினார். ரெண்டு பாட்டு ஒன்றாகப் பாடியது. இன்னொன்றை அமுக்கினார். ஒரு பாட்டு தலைகீழாகப் பாடியது. அழுதுகொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தது.

"அப்பா, ட்ரையாங்கிள்ப்பா!"

கண்டுபிடித்துவிட்டார். பாட்டு வந்தது. டவுன் டிரைவர் சிரித்தபடியே கயிற்றை விட்டுவிட்டு இலை போட்ட பக்கம் போய் உட்கார்ந்தார்.

இன்னொரு காது பாக்கி. ஆசாரி கம்பியைத் துடைத்தார். மாப்பிள்ளை கூட்டத்தைப் பார்க்காமல் என் பக்கம் வந்து காதோரமாகச் சொன்னார்.

"மச்சான், நான் பொட்டிகிட்டயே இருந்துக்கறங்க. யாரும் கைய வெக்காம பாத்துக்கறேன்."

"தொடாதீங்க. பாத்தா போதும்" என்றேன்.

போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு அந்த ரெண்டு வட்டத்தையே பார்த்தார். இங்கே கம்பி இறங்கியது, பிள்ளை கத்தியது, கம்மல் போட்டாயிற்று. அவர் திரும்பவில்லை. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

பந்திக்கு நான் போய்க் கூப்பிட்டேன். தங்கச்சி போய்க் கூப்பிட்டாள். கடைசியில் பிள்ளை போய் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

"இரும்மா" என்றார். "இந்தப் பாட்டு முடியட்டும்."