அம்மாளின் சூடு என்று நினைத்த தாகம்

மகளின் உள்ளங்கையில் சின்னக் கொப்புளங்களைக் கண்ட அன்று, என் மனைவி அடுப்பிலிருந்த மீன்கறியைச் சட்டியோடு அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஆரையம்பதியில் எங்கள் தெருவில் உடம்பில் எந்தக் கொப்புளம் போட்டாலும் அது அம்மையாக இறங்கிய அம்மாள்தான். அம்மாள் வந்த வீட்டில் மீன் சமைப்பதில்லை, தாளிப்பதில்லை, ஊசி போடுவதில்லை. பிள்ளையைக் குளிர்மையாக வைத்திருக்க வேண்டும்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். கொப்புளங்கள் கையிலும் காலிலும் வாயிலும் மட்டுமே இருந்தன. அது அம்மையல்ல, பிள்ளைகளிடையே பரவும் வேறொரு வைரஸ் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாசலில் வேப்பிலை கட்டியது நான்தான். அப்போது மகளுக்கு ஒன்பது வயது. அம்மாளுக்குக் கார்ட்டூன் பார்க்க ஆசையாம் என்று சொல்லி என் கைப்பேசியைப் பறித்துக்கொண்டாள்.

ஒரு கிழமையில் கொப்புளங்கள் காய்ந்தன. ஒரு மாதம் கழித்துத் தாகம் வந்தது. அம்மாளின் சூடு இன்னும் இறங்கவில்லை என்றாள் மனைவி. நானும் தலையாட்டினேன். தினமும் பாடசாலை விட்டு வரும் வழியில் இளநீர் வாங்கினேன். வீட்டில் தோடம்பழச் சாறு, சீனி போட்ட நன்னாரி. அவள் குடிக்கக் குடிக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படுக்கை நனைந்தபோது, குடித்ததுதானே வெளியே வருகிறது என்று சிரித்தோம். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியதும் அம்மாள் வந்துபோன மெலிவு என்றோம்.

ஒரு காலை வாந்தி எடுத்தாள். மூச்சு ஆழமாக இழுத்தது, வாயில் அழுகிய பழத்தின் மணம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கல்லடிப் பாலத்தில் ஆட்டோ போனபோது என் மடியில் கிடந்தவளுக்குப் பாரமே இல்லை.

இரத்தத்தில் சீனியின் அளவு, கருவி காட்டக்கூடிய எல்லையையே தாண்டியிருந்தது. மூன்றாம் நாள்தான் நன்றாகக் கண் திறந்து பசிக்கிறது என்றாள். அன்று டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு விளக்கினார். வைரஸை அழிக்க வேண்டிய இரத்தத்து வெண்குழியங்கள், சிலருடைய உடம்பில் கணையம் என்கிற சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களையே எதிரியாக எண்ணித் தாக்கிவிடுகின்றனவாம். உடம்பு நோயை எதிர்ப்பதைச் சொல்லும் நிர்ப்பீடனப் பாடத்தில் அந்த வெண்குழியங்களைத் தொப்பி போட்ட பொலிஸ்காரராகக் கரும்பலகையில் வரைகிறவன் நான்.

அந்தக் கொப்புளத்தாலா, நான் கொடுத்த இளநீராலா என்று கேட்டேன்.

"இளநீரால இந்த நீரிழிவு வருத்தம் வராது, சேர். வைரஸ் தட்டிவிட்டிருக்கலாம், நிச்சயமாச் சொல்ல ஏலா. உள்ளுக்க கன நாளாவே நடந்திருக்கும். ஆனா தாகம் எண்டவுடனே கொண்டு வந்திருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தையோடு இரண்டு வருடம் இருந்தேன்.

போன கிழமை அவளுக்குக் காய்ச்சல். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்த அதே காய்ச்சல்தான். காய்ச்சலிலும் இன்சுலினை நிறுத்தக்கூடாது, சீனியை அடிக்கடி பார்க்க வேண்டும், இன்சுலின் குறைந்தால் சேரும் கீற்றோன் சிறுநீரில் இருக்கிறதா என்று சோதனைப் பட்டியை நனைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அவளே செய்தாள். பட்டி நிறம் மாறவில்லை, கீற்றோன் இல்லை. அரை மணித்தியாலம் கழித்து நான் மறுபடியும் கருவியோடு போய் நின்றேன்.

"இப்பதானே குத்தின, அப்பா. என்ட விரல் என்ன மா அரிக்கிற அரிதட்டா?"

அப்போதுதான் கேட்க முடிந்தது. "அந்த நேரம் சுறுக்காக் கொண்டு போகல்ல எண்டு அப்பாவில கோவமா, மகள்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆஸ்பத்திரி வாட்டில கோவமாத்தான் இருந்த. எனக்கு அவ்வளவு தாகம், நீங்க தண்ணி தரல்ல எண்டு."

வாந்தி எடுப்பாள் என்று டொக்டர் சொல்லித்தான், முதல் நாள் அரை மயக்கத்தில் அவள் கேட்ட தண்ணீரை மறுத்தேன். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"அதுக்கு மறுகா?"

"மறுகா ஒண்டுமில்ல." கருவியை என் கையிலிருந்து வாங்கி, புது ஊசி மாற்றினாள். "உங்களுக்குச் சும்மா இருக்க ஏலாட்டி உங்கட விரலத் தாங்க."

நீட்டினேன். குத்துமுன்னே கையை இழுத்துவிட்டேன். அந்தக் காய்ச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.