கணக்கு சாருக்கும் முறை வைத்தாயிற்று

இன்று காலை திருக்காட்டுப்பள்ளி பேருந்தில் என் பக்கத்தில் ஒரு கணக்கு ஆசிரியர். மூன்று ஊர்ப் பள்ளிக்கும் இவர் ஒருவர்தானாம். வாய்க்கால் தண்ணீர் மாதிரி, ஊருக்கு ஒன்றிரண்டு நாள் முறை.

முன்சீட்டு அக்கா திரும்பினார். மகள் பத்தாம் வகுப்பு.

"சார், எங்க முறையில ஒரு நாள் மீட்டிங்குன்னு போயிட்டீங்க. மறுநாள் மழைன்னு லீவு விட்டுட்டாங்க. பரீட்சை வந்துருச்சு. இன்னைக்கு எங்க ஊர்ல எறங்குங்க."

"இன்னைக்குக் கடைசி ஊரும்மா. அங்க ஹெச்.எம். காத்துக்கிட்டிருப்பாங்க."

"அவங்களுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். பையைக் குடுங்க."

பையோடு அக்கா இறங்கினார். பை போன பிறகு சார் என்ன செய்வார்? அவரும் இறங்கினார்.

கடைசி நிறுத்தத்தில் தலைமை ஆசிரியையே நின்றிருந்தார். "கணக்கு சார் வரலையா?"

கண்டக்டர் சிரிக்காமல் சொன்னார்: "மேலயே மடையை வெட்டித் திருப்பிட்டாங்க டீச்சர்."

அந்தம்மா முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பையை எடுத்து அக்காவிடம் நீட்டியது நான்தான்.

கணக்குக்கு இன்னும் இரண்டு ஆசிரியரைப் போட்டால் தீர்ந்தது வழக்கு. அதுவரைக்கும், உங்கள் ஊருக்குக் கணக்கு சார் முறை என்றைக்கு?