புகையில்லாமல் எரிய வேண்டிய உமி அடுப்பு

பின்வளவில் துருப்பிடித்துக் கிடந்த உமி அடுப்பை இன்று அண்ணன் எரிய வைத்துவிட்டான்.

மில்லுக்கு டீசல் இல்லை; வீட்டிலேயே அவித்து உரலில்தான் குத்த வேண்டும். வயல் வட்டைக்குப் போகும் பாதையையும் ஆமி பூட்டிவிட்டது. வீட்டில் மிஞ்சிய கடைசி மூட்டை நெல்லை நேற்றே ஊறப்போட்டிருந்தோம். இன்று அவித்தே ஆக வேண்டும்.

உமி இறங்கும் தகரக் குழாயைத் தட்டித் தட்டி அடைப்பெடுத்தான். நெருப்பு வைத்ததும் புகைபோக்கியால் வெள்ளையாகப் புகை எழுந்தது.

“பத்திட்டுகா! இனிச் சோறுதான்” என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

நெல் அண்டாவை அடுப்பில் ஏற்ற முன்னமே, செங்கலடிச் சந்திக் காவலரணில் இருந்து இரண்டு ஆமிக்காரர் வந்து நின்றார்கள்.

“இந்தப் புகை யாருக்கு சிக்னல்?”

“ஒருத்தருக்கும் இல்ல ஐயா. நெல்லு அவிக்கிறம்” என்றான் அண்ணன்.

“அவிக்கலாம். புகை வரக் கூடாது.”

அண்ணன் ஒரு வாளித் தண்ணீரை அடுப்புக்குள் ஊற்றிவிட்டு அதன் முன்னாலேயே குந்திவிட்டான். இன்னும் எழும்பவில்லை.

புகையில்லாமல் உமி எரிக்கத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

பிந்தினால் நெல் முளைத்துவிடும். அப்படியென்றால், அதை விதைக்க வட்டைக்குள் போகும் வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.